ஏழே முக்கால் அடித் தண்ணீர்

அப்புராணிகுளத்துக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரரைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஊர்க்காரரிடம் கேட்டால், "நான் அங்கேயிருந்து வந்த வழிதான் தெரியும், போற வழி தெரியாதே" என்று வருத்தப்பட்டுச் சொல்லுவார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்கள். அதுதான் அவர்களுடைய பிரச்சினை.

ஊருக்குப் பெயர் கொடுத்த குளம் பெரிய குளம். அதைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேர் கொண்ட கமிட்டி இருந்தது. இசக்கியப்பன் அண்ணாச்சி தலைவர். தளவாய் பதிவேடு எழுதுகிறவர்; கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், என்ன எழுதுகிறார் என்பது வேறு விஷயம். கொம்பையாவும் சுடலையாண்டியும் உறுப்பினர்கள். ஐந்தாவது ஆள் மாசானம், மதகுச் சக்கரத்தைச் சுற்றுகிறவர்.

மாசானத்தின் வீடு கரைக்கு நேர் கீழே, மதகிலிருந்து நாற்பது எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. ஓட்டு வீடு, இரண்டு அறை, அவர் மனைவி செண்பகவடிவு தன் கையால் பச்சை வர்ணம் அடித்த கதவு. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் அவர் வீட்டு அடுப்படியை விசாரித்துவிட்டுத்தான் ஊருக்குள் போகும். இது மாசானத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரில் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

குளத்துக்குள் ஓர் அளவுக் கல் நட்டிருந்தார்கள். பன்னிரண்டு அடி உயரம், அடிக்கு அடி கறுப்புக் கோடு. தினம் காலையில் மாசானம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவார்; தளவாய் பதிவேட்டில் எழுதுவார்; பதிவேட்டின் நகல் வாரம் ஒருமுறை பெரிய ஆபீசுக்குப் போகும்.

ஒரு வருஷம் மாசானத்துக்குக் காய்ச்சல். ஒருநாள் கல்லைப் பார்க்க ஆள் இல்லை. தளவாய் யோசித்தார். யாரும் எதையும் பார்க்கவில்லை, ஆகவே எதுவும் இல்லை என்று முடிவு செய்து, அழகாக ஒரு பூஜ்ஜியம் போட்டார். நேற்று பத்தடி, இன்று பூஜ்ஜியம். பெரிய ஆபீசில் அலறிவிட்டார்கள். ஒரு குளம் ஒரே நாளில் எங்கே போயிற்று என்று பார்க்க இன்ஜினியர் ஜீப்பில் வந்தார்.

"கல்லைப் பாக்க எந்த வழியாப் போகணும்?" என்று கேட்டார்.

இசக்கியப்பன் பதிவேட்டைப் புரட்டினார். "நேராப் போங்க சார். தண்ணி ஒண்ணும் இல்ல."

ஜீப்பின் ஸ்டீயரிங் வரைக்கும் தண்ணீர் வந்த பிறகுதான் டிரைவர் பிரேக் போட்டார். இன்ஜினியர் நீந்திக் கரையேறி, சட்டை காய்வதற்கு முன்பே ஐந்து விதிகளை ஒரு தாளில் எழுதி, கரைமேல் கமிட்டி கூடுகிற ஷெட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அதனால்தான் எழுத்தில் அவ்வளவு கோபம் தெரியும்.

ஒன்று: தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது. இரண்டு: தெரியாத கட்டத்தைக் காலியாக விடவும் கூடாது, பூஜ்ஜியம் போடவும் கூடாது; 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். மூன்று: தெரியாததோடு எதைக் கூட்டினாலும் வருகிற தொகையும் தெரியாததே. நான்கு: தண்ணீர் பன்னிரண்டு அடிக்கு மேல் என்றால் மதகைத் திற, பன்னிரண்டோ அதற்குக் கீழோ என்றால் மூடி வை. ஐந்து: தெரியாததால் வேலை நின்றுபோனால், வழக்கமான அளவை வைத்துக்கொள்ளலாம்.

நல்ல விதிகள்தான். எழுதியவருக்கு அறிவு இருந்தது. படித்தவர்களுக்குப் பக்தி இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

முதல் வேலையாக மறுகாலை அடைத்தார்கள். குளம் நிறைந்தால் தண்ணீர் தானாக வழிந்து போவதற்கென்று அந்தக் காலத்து ஆட்கள் கட்டிவைத்த வழி அது. "அதுவழியா எவ்வளவு தண்ணி போகுதுன்னு தெரியுமாவே?" என்று கேட்டார் இசக்கியப்பன். தெரியாது. தெரியாத தண்ணீர் குளத்தைவிட்டு வெளியே போகலாமா? கல்லும் களிமண்ணும் வைத்துக் கெட்டியாகப் பூசிவிட்டார்கள்.

அடுத்து வந்தது கோழி விவகாரம்.

ஷெட்டுக்கு வெளியே மழைமானி என்று ஒரு தகரக் குவளை இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, மழை தூறும்போது, செண்பகவடிவின் சாம்பல் கோழி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில்தான் தளவாய் எட்டிப் பார்த்தார். மூன்று முட்டை.

"கோழி உக்காராம இருந்தா எவ்வளவு மழை உள்ள விழுந்திருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் கொம்பையா.

மழைக் கட்டத்தில் 'தெரியவில்லை' ஏறியது. மூன்றாம் விதிப்படி அந்த வாரத்து மழையும் தெரியவில்லை, அந்த மாசத்து மழையும் தெரியவில்லை. தளவாய் மனசாட்சி உள்ளவர். பதிவேடு தொடங்கிய நாள் முதல் பெய்த மொத்த மழை என்று முதல் பக்கத்தில் ஒரு பெரிய தொகை இருந்தது. அதையும் அழித்தார். மூன்று தலைமுறை ஆட்கள் நனைந்து நனைந்து எழுதிய கணக்கு, ஒரு கோழி உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் தெரியாமல் போயிற்று. முட்டையை மட்டும் செண்பகவடிவு வந்து எடுத்துக்கொண்டு போனாள். "மூணு" என்று எண்ணியும் காட்டினாள். அதை எழுத யாரும் கட்டம் போட்டிருக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை ஏழு நாள் விடாமல் அடித்தது. புதன்கிழமை ஒன்பதடி. வியாழன் பத்தரை. வெள்ளி காலையில் பதினொன்றே முக்கால். சனிக்கிழமை காலையில் மாசானம் கரைமேல் ஓட்டமாக ஓடி ஷெட்டுக்குள் வந்து விழுந்தார்.

"அண்ணாச்சி! கல்லைக் காணோம்!"

சுடலையாண்டியைத் தவிர மற்ற மூவரும் அங்கே இருந்தார்கள். இசக்கியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கல்லு எங்கவே போகும்?"

"தண்ணிக்குள்ள போயிருக்கும் போல இருக்கு."

"போல இருக்குன்னா? பாத்தீரா?"

"எப்படிப் பாக்க? முங்கிக் கெடக்கே."

"முங்கிக் கெடக்கியதைப் பாத்தீரா?"

"முங்கினது எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"அதைத்தான நானும் கேக்கேன்" என்றார் இசக்கியப்பன் வெற்றியோடு. "தளவாய், எழுதும். தெரியவில்லை."

தளவாய் எழுதினார். அவ்வளவு நல்ல 'தெரியவில்லை' அந்தப் பதிவேட்டிலேயே வேறு கிடையாது.

கொம்பையா நெற்றியைச் சுருக்கினார். "ஒரு நிமிசம். கல்லோட உயரமே பன்னெண்டு அடி. அந்தக் கல்லு முழுசா தண்ணிக்குள்ள போயிட்டுன்னா..."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மாசானம் மதகுக்கு ஓடத் தயாராக எழுந்தார்.

"...அதுக்குக் குளிருமே" என்று முடித்தார் கொம்பையா.

மாசானம் கதவு வழியாக வெளியே பார்த்தார். ஒரு பக்கம் தண்ணீர், கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே. மறு பக்கம் வெகு ஆழத்தில் அவர் வீட்டு ஓடு. அதன்மேல் நனைந்துபோன சாம்பல் கோழி.

செண்பகவடிவு சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு கரையேறி வந்தாள். "ஏங்க, நண்டுப் பொந்து வழியா நம்ம வீட்டுப் பின்பக்கம் தண்ணி கசியுது. மதகைத் திறக்கப் போறியளா இல்லையா?"

"பன்னெண்டுக்கு மேல இருந்தாத்தான் திறக்கணும்."

"மேலதான இருக்கு?"

"அதுதான் தெரியலையே."

"உங்க மூஞ்சியில ரெண்டு கண்ணு இருக்கா இல்லையா?"

மாசானம் பதில் தேடித் தளவாயைப் பார்த்தார். தளவாய் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "அதுபத்தி இதுல ஒண்ணும் இல்லையே மதினி" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். போய்ப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

ஓட்டுக்கு விடலாம் என்று முடிவாயிற்று. திறக்கலாம் என்றார் மாசானம். கல்லுக்குக் குளிரும் என்பதால் கொம்பையாவும் திறக்கலாம் என்றார். தலைவரும் தளவாயும் கூடாது என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. "சுடலையாண்டி எங்க?" என்று கேட்டார் தலைவர். யாருக்கும் தெரியாது. காலியாக விடக் கூடாதே. அவர் பெயருக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதினார் தளவாய்.

மை காய்வதற்குள் சுடலையாண்டி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னவே இங்க பேசிட்டு இருக்கிய? தண்ணி கரையைத் தொடுது! நான் திறக்கணும்ங்கேன்!"

"உம்ம ஓட்டு செல்லாது" என்றார் தலைவர். "உம்மைத் தெரியலைன்னு எழுதியாச்சு."

"நான் இங்கதான நிக்கேன்?"

"நிக்கிறது ஆரோ ஒருத்தர். அது நீருதான்னு எங்க எழுதியிருக்கு?"

சுடலையாண்டி தன் முகத்தைத் தடவிப் பார்த்தார். மூன்று நாள் தாடி கையில் குத்தியது. "சவரம் பண்ணாததுனால எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் சோகமாக உட்கார்ந்துகொண்டார்.

வேலை நின்றுபோயிற்று. ஐந்தாம் விதியைக் கண்டுபிடித்தவர் தலைவர்தான். வேலை நின்றுபோனால் வழக்கமான அளவு! ஐப்பசியில் வழக்கமாக எத்தனை அடி? பழைய பக்கங்களில் எல்லாம் நாலு நாலு என்றே இருந்தது. "போடும் நாலடி. நாலடின்னா மூடித்தான் வைக்கணும். முடிஞ்சுது வேலை!"

"அண்ணாச்சி, கரையைப் பாத்தா நாலடி மாதிரி..." என்று இழுத்தார் மாசானம்.

"மாசானம், உமக்கு என்மேல நம்பிக்கை இல்ல. நாலடித் தண்ணிக்கு இப்படிப் பயந்தா எப்படி? வாரும், காட்டுதேன்." தலைவர் வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிக் கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு, படித்துறையில் கம்பீரமாக இறங்கினார். ஒரு படி. இரண்டு படி. மூன்றாம் படியில் குடை மட்டும் தெரிந்தது.

கயிறு போட்டு இழுத்தார்கள். கரையில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீரும் ஒரு சின்னக் கெண்டையும் வெளியே வந்தன. தளவாய் பக்கத்தில் குந்தி பென்சிலை நாக்கில் தொட்டார்.

"தண்ணி நாலடி. அதுல அண்ணாச்சி தலையோட முங்கினாரு. அப்படின்னா அண்ணாச்சி நாலடிக்குக் கம்மி."

"என்னைய அஞ்சே முக்கால்னுல்லா சொல்லுவாவ?" என்றார் தலைவர் இருமிக்கொண்டே.

"சொல்லுவாவ. எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதியாயிற்று. அன்றிலிருந்து இசக்கியப்பன் அண்ணாச்சி பஸ்ஸில் ஏறும்போது யாராவது கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள்.

ஆனால் நாலடி என்ற சொல்லே அவருக்குக் கசந்துவிட்டது. "அந்த வழக்கமான அளவை அழியும்வே. மறுபடியும் தெரியவில்லைன்னே இருக்கட்டும்." மறுபடியும் தெரியவில்லை ஆயிற்று. தண்ணீர் கரைக்கு நாலு விரல் கீழே வந்தது.

"அப்ப மூடியே வச்சிருக்கணுமா?" என்று கேட்டார் கொம்பையா.

"அது எப்படி? பன்னெண்டுக்குக் கீழன்னு தெரிஞ்சாத்தான மூடி வைக்கலாம்?" என்றார் தலைவர்.

"திறக்கணுமா?"

"மேலன்னு தெரிஞ்சாத்தான திறக்கலாம்?"

"இப்ப மூடித்தான இருக்கு?"

இந்தக் கேள்வியில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். காலையிலிருந்து விதியை மீறிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! மூலையிலிருந்து சுடலையாண்டி மெல்லக் கையைத் தூக்கினார். தெரியாதவராகி இரண்டு மணி நேரம் ஆகியிருந்ததால் அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் வந்திருந்தது.

"தண்ணி எவ்வளவுன்னு தெரியல. அதுக்கு ஏத்த மாதிரி, மதகு திறந்திருக்கா மூடியிருக்காங்கிறதும் நமக்குத் தெரியாம இருக்கணும். அதான முறை?"

இவ்வளவு சுத்தமான யோசனையை அந்த ஷெட் அதுவரை கேட்டதில்லை. எல்லோரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்வது; மாசானம் கண்ணைக் கட்டிக்கொண்டே போய்ச் சக்கரத்தை எண்ணாமல் இப்படியும் அப்படியும் சுற்றிவிட்டு வந்துவிடுவது.

"அவரு கை எண்ணிரும்" என்றார் தளவாய். "இருவது வருசம் சுத்தின கை. அவரு கண்ணுக்குத் தெரியாட்டாலும் கைக்குத் தெரிஞ்சிரும்."

அதுவும் நியாயம்தான். ஆகவே மாசானமும் சுற்றக் கூடாது. யாருமே சுற்றக் கூடாது. ஐந்து பேரும் குளத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு, மதகு தானாகத் தெரியாத நிலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியது.

உட்கார்ந்தார்கள்.

துண்டின் இருட்டுக்குள் மாசானத்துக்கு எல்லாம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கரையின் வயிற்றுக்குள் தண்ணீர் முனகுவது. மண் ஒரு கட்டியாகச் சரிந்து விழுவது. கீழே கோழி கத்துவது. பச்சைக் கதவு ஞாபகம் வந்தது. கதவு காய்வதற்குள் கை வைத்துவிட்டார் என்று செண்பகவடிவு மூன்று நாள் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. அவர் கைவிரல் அச்சு இன்னும் தாழ்ப்பாள் பக்கத்தில் இருக்கிறது. எழுந்து ஓடிப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் கமிட்டி உட்கார்ந்திருந்தது. கமிட்டி உட்கார்ந்திருக்கும்போது எழுந்திருக்க அவர் பழகியதில்லை.

அப்போது கரைமேல் வளையல் சத்தம் கேட்டது.

அவருக்குப் பின்னால் காலடி சேற்றில் அமுங்கி அமுங்கிப் போயிற்று. சக்கரம் ஒருதரம் கிரீச்சிட்டது. முழுச் சுற்றுக்கு ஒரு கிரீச். எண்ணக் கூடாது என்று மாசானம் பல்லைக் கடித்தார். மூன்று. நான்கு. முருகா முருகா என்று முணுமுணுத்துப் பார்த்தார்; பத்து முருகாவுக்குப் பத்து கிரீச் ஆயிற்று. முப்பதாவது சுற்றில் மதகு வாயைத் திறந்துகொண்டு இடி மாதிரி இறங்கியது தண்ணீர்.

"என்னவே சத்தம் அது?" என்றார் தலைவர் துண்டுக்குள்ளிருந்து.

மாசானம் தொண்டையைச் செருமினார். "தெரியாது அண்ணாச்சி" என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தை அவருக்கு வெல்லமாக இனித்தது.

தண்ணீர் கால்வாய் நெடுக ஓடிற்று. மாசானத்தின் வேலிப் படலையும் கோழிக் கூண்டையும் இழுத்துக்கொண்டு போயிற்று. வீடு நின்றது. கதவு நின்றது. மறுநாள் காலையில் அளவுக் கல் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் பதினொன்றே முக்கால் என்று காட்டியது.

பதிவேட்டில் 'திறந்தவர்' என்ற கட்டம் பாக்கி இருந்தது.

"நான்தான் திறந்தேன்" என்றாள் செண்பகவடிவு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"பாத்தது ஆரு?" என்றார் தலைவர். "எங்க கண்ணுதான் கட்டியிருந்துதே."

"நான் பாத்தேன். நான் கண்ணைத் தொறந்துகிட்டுத்தான் திறந்தேன்."

"நீ கமிட்டியில இல்லையே தாயி."

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் மேகத்தைப் பார்த்தார். தளவாய் 'தெரியவில்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டார்.

கல் இனி ஒருநாளும் முங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். உயரமான கல் வாங்கலாம் என்றார் சுடலையாண்டி; தெரியாத ஆள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கொம்பையாதான் வழி சொன்னார்: "மிதக்க விட்டுருவோம்." இரண்டு பிளாஸ்டிக் டிரம், அவற்றுக்கு நடுவே செங்குத்தாகக் கட்டிய ஒரு பலகை, பலகையில் அடிக்கு அடி கறுப்புக் கோடு. தண்ணீர் ஏறினால் பலகையும் ஏறும், இறங்கினால் இறங்கும். தண்ணீர் பலகையைத் தொட்ட இடத்தில் மாசானம் பார்த்துச் சொன்னார்: ஏழே முக்கால்.

மறுநாளும் ஏழே முக்கால். கார்த்திகையில் அடைமழையிலும் ஏழே முக்கால். பங்குனி வெயிலிலும் அதே ஏழே முக்கால்.

பெரிய ஆபீசில் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். மாவட்டத்தில் மற்ற குளங்கள் எல்லாம் கண்டபடி ஏறி இறங்கிக்கொண்டு இருக்க, மூன்று வருஷமாக ஒரு 'தெரியவில்லை'கூட இல்லாமல், ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் ஒரு குளத்தைப் பராமரிப்பது என்றால் சும்மாவா? சிறந்த பராமரிப்புக்கான சான்றிதழ் தருவதாகக் கடிதம் வந்தது. ஐப்பசி தோறும் நிஜத் தண்ணீர் ஏறும்போது மதகு எப்படியோ தானாகத் திறந்துகொள்வதையும், சக்கரத்தின் கைப்பிடி காணாமல் போனதையும், அது செண்பகவடிவின் அரிசிப் பானைக்குப் பின்னால் இருப்பதையும் பற்றிப் பதிவேட்டில் ஒன்றும் இல்லை.

போன சித்திரையில் குளம் ஒட்ட வறண்டது. தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. டிரம் இரண்டும் பலகையோடு மண்ணில் சாய்ந்து கிடந்தன. மாசானம் குனிந்து பார்த்தார். பலகையில் தண்ணீர்க் கறை படிந்த இடம் ஏழே முக்காலில் இருந்தது. தளவாய் எழுதிக்கொண்டார். அன்றைக்குத்தான் அக்கரையில் பந்தல் போட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். சுற்று வழியாகப் போக நேரம் இல்லை. குளத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

இசக்கியப்பன் அண்ணாச்சி கரையில் நின்றுவிட்டார். "ஏழே முக்கால் அடித் தண்ணியில நான் எப்படிவே இறங்க? நான் நாலடிக்குக் கம்மில்லா?"

யோசித்தார்கள். மாசானத்தின் தோளிலும் கொம்பையாவின் தோளிலும் அவரை உட்கார வைத்தார்கள். தளவாய் பதிவேட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். சுடலையாண்டி தன்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். "மூச்சைப் பிடிச்சுக்கோங்கவே" என்றார் தலைவர். பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

குளத்தின் நடுவில் செண்பகவடிவு காய்ந்த முள் பொறுக்கிக்கொண்டு இருந்தாள். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பி, முகம் நீலம் பாரித்து, கண் பிதுங்கி வந்துகொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்ததும் முள்ளைக் கீழே போட்டாள்.

"ஏங்க! என்ன செய்யுது? மூச்சை விடுங்க! வாயைத் தொறந்து பேசுங்க!"

மாசானம் ஆகாது என்று தலையை ஆட்டிவிட்டு, விரலால் மேலே காட்டினார். மேலேயிருந்து இசக்கியப்பன் அண்ணாச்சி, ஈரம் படாமல் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எரிச்சலோடு குனிந்து சொன்னார்:

"கரையேறின பெறவு பேசிக்கிடலாம் தாயி. தண்ணிக்குள்ள போறவனைப் பிடிச்சு வாயைத் தொற வாயைத் தொறங்கியே, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? அது சரி, நீ என்ன முங்கு நீச்சல்ல முள்ளு பொறுக்குதே?"